தூக்கிப் போடுவதோடு நின்ற பாடம்

என் அக்காவுக்கு, அன்போடு,

இன்று சனிக்கிழமை. காலை ஆறு இருபது. சித்தூரில் நீ விளையாட்டு டீச்சராக இருந்த பள்ளி மைதானத்தில் ஒன்பது பெண்கள், மூன்று வாலிபால் பந்து. முறைவைத்து ஒவ்வொருத்தியும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறாள், விழவிடுகிறாள், எடுத்து அடுத்தவளிடம் கொடுக்கிறாள். யாரும் அடிக்கவில்லை.

நீ காய்ச்சலில் போன பிறகு இத்தனை வாரமாக இதைத்தான் செய்கிறார்களாம். உன் சட்டம் அப்படி. சர்வீஸை நீ மூன்று துண்டாக்கித்தான் காட்டுவாய். கால் வைப்பது ஒரு வாரம், பந்தைத் தூக்குவது ஒரு வாரம், அடிப்பது கடைசியில். போன வருஷம் ஒருத்தி முந்திக்கொண்டு அடித்து, மணிக்கட்டு பிசகி, நீயே புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவந்தாய். அதிலிருந்து, "நான் காட்டற வரைக்கும் எவளும் அடிக்கக் கூடாது." இந்தப் பெண்களுக்கு நீ காட்டியது இரண்டு துண்டு.

நீ சொல்லிக்கொடுத்ததை நான் எடுத்த வீடியோவைப் பெண்கள் கேட்டார்கள். அதிலும் அந்த இரண்டுதான். எல்லாமே உன் முதுகு. முதல் நாள் நான் எதிரில் நின்று எடுத்தேன். "டேய் இன்ஜினியரு, உன் மூளைய மெஷின்லயே வச்சுட்டு வந்துட்டியா? எதிர்ல பாத்தா புதுசா கத்துக்கறவளுக்கு எடது வலது மாறிப்பூடும். பின்னால வாடா" என்றாய். சரியான காரணம். எதிரில் எடுத்ததை அழித்துவிட்டுப் பின்னால் போனேன்.

வீட்டில் அம்மா அதைத் தினமும் போடச் சொல்கிறாள். "மொகம் ஒரு எடத்துலகூட இல்லியாடா?" என்று முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. நேற்று பார்த்துவிட்டு, "பின்னல கோணலா போட்டுக்கினு போயிருக்கா பாரு" என்று மட்டும் சொன்னாள். நான் சார்ஜர் எங்கே என்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை அக்கா. எதுவுமே வரவில்லை. ரேணிகுண்டாவுக்கு வேலைக்குப் போகிறேன், நின்றுபோன மெஷினை ஓடவைக்கிறேன், வருகிறேன்.

இன்று பொறுமை போய்விட்டது. நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று இறங்கினேன். முழங்கை எந்தக் கோணத்தில், பந்து எந்த உயரத்தில், எடை எந்தக் காலில் என்று விளக்கினேன். ஒன்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருடைய கையும் அசையவில்லை.

அடித்தும் காட்டினேன். பந்து வலைக்குக் கீழே போனது.

"இலா காது அண்ணா, இப்டி இல்ல," என்றாள் ரூபா, தெலுங்கும் தமிழுமாக. எட்டாவது படிக்கிறாளே, அந்தக் குள்ளச்சி.

"அப்போ எப்டி? நீயே சொல்லு."

"தெரீலண்ணா. மேடம் இன்னும் காட்டல."

பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள். ரூபா பந்தை எடுத்துத் தூக்கிப் போட்டாள். அழகாக, நேராகப் போனது. அடிக்க வேண்டிய உயரத்தில் ஒரு கணம் நின்றது. அவள் கை கீழேயே இருந்தது.

இறந்தவளின் பேச்சை இவ்வளவு கேட்கிற பிள்ளைகளை என்ன செய்வது? உன் சவப்பெட்டியோடு கல்லறைவரை நடந்து வந்தவர்கள்தான். நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனால் அடிக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. யார் சொல்லவேண்டும், பள்ளிக்கூடமா? நானா?

நான்தான். எழுதிவைக்கிறேன்:

1. கம்பெனியில் வாலிபால் ஆடுகிற ஒருவன் இருக்கிறான். அவன் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வேன்.

2. நான் அடிக்கும் பந்து வலையைத் தாண்டும்வரை பெண்கள் முன்னால் விளக்கம் பேசமாட்டேன்.

3. தாண்டிய பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக அடித்துக் காட்டுவேன்.

4. அதற்கு முன் திரும்பி, முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "மேடம் வந்து காட்டமாட்டாங்க. இனிமே நீங்க அடிக்கலாம்." இதன் முதல் பாதியை நான் இதுவரை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

உன் பின்னால் பிறந்த தம்பி,
சாமுவேல்