ஒன்பதாவது படுக்கை

மார்ச் 4, திங்கள்

இன்று அறிவித்துவிட்டேன். அடுத்த திங்களிலிருந்து, ஷிப்டு மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சு எதுவும் சின்ன அறையில் கிடையாது. ஒவ்வொரு படுக்கையாக நின்று நோயாளியின் முன்னால்தான். கொடுப்பவர் சொல்ல வேண்டும். வாங்குபவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த படுக்கை.

ஆறு நர்ஸ்கள் முகத்திலும் ஈயாடவில்லை. வாய் ஓயாததால் நாங்கள் வானொலி என்று பெயர் வைத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் திறக்காத நாள் எது? "மேடம், இருபத்திரெண்டு படுக்கை. ஒவ்வொண்ணா நின்னு ஒப்பிச்சா ரெண்டு பத்து பஸ் போயிடும். அடுத்தது மூணே காலுக்குத்தான்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் இளையவள், பொடிசு, வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யார் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத் தன் தலையை ஆட்டினாள்.

அக்கா கேஸ் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்ததும் "சரிங்க மேடம்" என்றாள்.

பதினெட்டு வருஷம் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவள். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம், வயதில் நான்கு வருஷம் மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. என் பிரசவத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வந்து நின்றவள். இந்த இன்சார்ஜ் நாற்காலியில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து நான் மேடம். அந்த மேடத்தில் மரியாதை ஒரு துளி கிடையாது.


மார்ச் 6, புதன்

வார்டில் ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கார் ஓட்டக் கற்றுத் தருபவரிடம் வேறு என்ன பதில் வரும்? "முதல் நாள் எல்லாரும் பிரேக்கைத்தான் மிதிப்பாங்க. கத்தினா இன்னும் அழுத்தி மிதிப்பாங்க. பக்கத்துல சும்மா உக்காரு."

கடைக்குப் போகும்போது தக்காளி அரைக் கிலோ, வெங்காயம் ஒரு கிலோ என்றேன். "தக்காளி அரை, வெங்காயம் ஒண்ணு. திருப்பிச் சொல்லிட்டேன். வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்தேன். பிறகு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அவருக்குத் தெரியாது.


மார்ச் 11, திங்கள்

முதல் நாள். ஒன்றரைக்கு ஆரம்பித்து ஐம்பத்தைந்து நிமிடம். ரெண்டு பத்து பஸ் போயே போய்விட்டது.

நாலாவது படுக்கைப் பாட்டியம்மாள் நடுவில் புகுந்து, "ரெண்டு தடவைதான் பாத்ரூம் போனேன், மூணுன்னு யார் சொன்னா?" என்று சண்டைக்கு வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் "மூணுதான், நான் எண்ணினேன்" என்றார்.

அக்கா ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எந்த நாளும் முடிந்ததில்லை. ஆனால் ஒன்பதாவது படுக்கை வந்ததும் கையிலிருந்த தாளைப் பொடிசிடம் கொடுத்து "நீ படி" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்தாவது படுக்கையில் மறுபடி தாளை வாங்கிக்கொண்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.


மார்ச் 12, செவ்வாய்

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

போன ஜூலை. ஒன்பதாவது படுக்கையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மதியம் மருந்து கொடுக்கப்போன அக்காவிடம், முன்பு ஒருமுறை இந்த ஊசி போட்டுத் தொண்டை அடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவருடைய கேஸ் ஷீட் அப்போது ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இருந்தது. அக்காவால் எழுத முடியவில்லை. சின்ன அறையில் ஒப்படைக்கும்போது வாயால் சொன்னாள். "ஒன்பதுக்கு அந்த ஊசி ஆகாதாம், போடாத. டாக்டர்கிட்ட சொல்லிடு, ஷீட் வந்ததும் எழுதிடு."

என்னிடம்தான் சொன்னாள். வானொலி அறுவைச் சிகிச்சை டாக்டர் மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என் காதில் விழுந்தது. விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டரைக்கு ஊசியை நான் போட்டேன். வாத்தியார், "சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேனே?" என்றார். "எல்லாம் சொல்லிட்டாங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லும் வார்த்தை அது, ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். மூன்றேகாலுக்கு அவர் இல்லை.

விசாரணையில் கேட்டார்கள். அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா? "எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். மற்றவர்கள், சிரிப்புச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றார்கள். அது உண்மைதான். தாளில் எழுதவில்லை, எனவே சொல்லவில்லை என்று முடித்தார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவளுக்கு வரவேண்டிய நாற்காலி அடுத்த இடத்தில் இருந்த எனக்கு வந்தது.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேனோ? தெரியவில்லை. எனக்கு நல்ல பேர் கொடுத்துக்கொள்ள இப்போது என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.


மார்ச் 20, புதன்

நாடகம் நடக்கிறது! ஒன்றே காலுக்குத் துணி அடுக்கும் அறையில் கூடி உண்மையான ஒப்படைப்பை முடித்துவிடுகிறார்கள். பிறகு எனக்காகப் படுக்கை படுக்கையாக ஊர்வலம். இன்று கதவைத் திறந்தால் நாலு பேர் போர்வைக் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கத்தினேன். பக்கத்தில் சும்மா உட்காரச் சொன்னவர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "நாலு சுவத்துக்குள்ள சொன்னா யார் காதுல விழும்? எதுக்காக இந்த மாற்றம்னு யாருக்காவது புரியுதா?"

அக்கா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள். "ரூமுக்குள்ள சொன்னது காதுல விழாதுன்னு நீங்கதான் மேடம் சொல்றீங்க. எங்களுக்கு விழுது."

பொடிசு தரையைப் பார்த்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

இப்போதுதான் உறைக்கிறது. மற்றவர்களுக்கு இது பஸ் பிரச்சினை. அக்காவுக்கு அப்படி இல்லை. படுக்கை அருகில் நின்று சொல்லும் ஒவ்வொரு நாளும், அன்று அறையில் அவள் சொல்லவே இல்லை என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறேன்.


மார்ச் 29, வெள்ளி

பதினான்காவது படுக்கைப் பெண்ணுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கட்டி எப்படிப்பட்டது என்பதை அவளிடம் நிதானமாகச் சொல்லலாம் என்று வீட்டார் டாக்டரிடம் தவணை கேட்டிருந்தார்கள். இன்று மதியம் அவள் தலைமாட்டில் நின்று எங்கள் நர்ஸ் ஒருத்தி தாளில் இருப்பதைக் கடகடவென்று படித்துவிட்டாள். என் விதிப்படிதான் படித்தாள். தப்பு அவளுடையது இல்லை.

அந்த முகத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா ஷிப்டு முடிந்தும் போகவில்லை. ஐந்து மணி வரை அந்த நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது என் மேசைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். படுக்கை அருகில் வாய்விட்டுச் சொல்லக் கூடாதவை எவை, அவற்றை எப்படித் தனிச்சீட்டில் எழுதிக் கைமாற்றுவது என்று அந்தக் குண்டு எழுத்தில் ஒரு பக்கம்.

என் திட்டத்தில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான்.


ஏப்ரல் 9, செவ்வாய்

முப்பத்தொரு நிமிடம். எல்லோருக்கும் ரெண்டு பத்து பஸ் கிடைத்தது.


ஏப்ரல் 12, வெள்ளி

எல்லா வார்டு நர்ஸ்களுக்கும் மேலதிகாரியான பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார்கள். மற்ற வார்டுகளிலும் இதையே கொண்டுவரப் போகிறார்களாம். அடுத்த மாதக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். "இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோணிச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்றார்கள்.

எப்படித் தோன்றியது. சொல்லட்டுமா?


ஏப்ரல் 17, புதன்

வாத்தியாரின் மகள் வந்தாள். ஏதோ சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வந்த வேளை ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தாள்.

"இது எங்கப்பா இருந்தப்பவே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்," என்றாள். "அப்பா கடைசியா எங்கிட்ட போன்ல பேசினப்ப, சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்மான்னு சொன்னார். யாரோ ஒரு சிஸ்டர் சொல்ல மறந்துட்டாங்களாமே? அவங்க இன்னும் இங்கதான் இருக்காங்களா?"

அக்கா மூன்றடி தள்ளி மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள்.

"விசாரணை முடிஞ்சுபோச்சும்மா," என்றேன்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தட்டில் ஒரு டம்ளர்கூடக் குலுங்கவில்லை.

என்ன பிறவி நான்?


ஏப்ரல் 18, வியாழன்

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். ஒன்பது மாதம் பக்கத்தில் படுத்திருந்தவருக்கு இன்றுதான் தெரியும். பிறகு, "உன் அக்கா நம்ம வீட்ல எத்தனை நாள் சாப்பிட்டிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். வேலை போகுமா என்றுகூடக் கேட்கவில்லை.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் மூன்றே வரி நின்றது.


ஏப்ரல் 22, திங்கள்

கடிதத்தைப் பெரிய மேடம் கையில் கொடுத்துவிட்டேன். வார்டில் எல்லோரையும் கூப்பிட்டு நானே சொன்னேன். வானொலி அழுதாள். "நான்தானே மேடம் அன்னைக்கு நடிச்சுக்காட்டினேன்" என்றாள். அவளும் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. பொடிசு என்னைப் பார்த்த பார்வையில் என்மேல் இருந்த மரியாதை இறங்கிப்போனது.

அக்கா இன்று விடுப்பு. தெரிந்துதான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். இந்த நோட்டில் பொய் எழுதிப் பயனில்லை.


மே 3, வெள்ளி

மறு விசாரணை. "அப்ப இல்லாத ஞாபகம் இப்ப எப்படி வந்தது?"

"ஞாபகம் எப்பவும் இருந்தது சார்."

எழுதிக்கொண்டார்கள்.


மே 11, சனி

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைப் பாதி திறந்து நின்றாள். நின்றபடியே சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அப்பா சொன்னது நிஜம்தான்னு தெரிஞ்சுது. போதும். போங்க."

கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சத்தம்தான்.


மே 27, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் நான் பழையபடி சாதாரண நர்ஸ், அதே வார்டில். அக்காமீது இருந்த எச்சரிக்கை ரத்து. இனி அவள்தான் இன்சார்ஜ்.

மேசையைக் காலி செய்தேன். ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. அக்கா எழுதித் தந்த அந்தத் தாளை எடுக்கவில்லை, அது வார்டுக்குச் சொந்தம்.


ஜூன் 10, திங்கள்

இன்று நான் காலை ஷிப்டு. வானொலி அக்காவிடம் நைசாகக் கேட்டாள். "பழையபடி ரூமுக்கே போயிடலாமாக்கா? இனிமே நம்ம ராஜ்ஜியம்தானே." ரத்து செய்வாள் என்றுதான் நானும் நினைத்தேன். நான் கொண்டுவந்ததை அவள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

"எதுக்கு? இது நல்லாத்தான் நடக்குது," என்றாள் அக்கா.

மதிய ஷிப்டில் ஒருத்தி வரவில்லை. என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள அக்காவே வந்தாள். முதல் படுக்கையிலிருந்து ஆரம்பித்தோம். நான் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். நோயாளியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படுக்கையிலும் "வேற ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?" இப்போது நான் சிஸ்டர். மேடம் போய்விட்டது. 'டி' திரும்பவில்லை. திரும்பும் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு ஏது?

எட்டு முடிந்தது.

"ஒன்பது. காலி. காலையில வீட்டுக்குப் போயிட்டாங்க. படுக்கை சுத்தம் பண்ணியாச்சு," என்றேன்.

"ஒன்பது காலி. சுத்தம் பண்ணியாச்சு." இந்த முறை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புது விரிப்பில் இருந்த சுருக்கத்தை ஒரு கையால் நீவிவிட்டாள். "வேற ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?"

இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அதிகாரிகளிடம் சொல்லியாயிற்று, வார்டுக்குச் சொல்லியாயிற்று. அவள் முகத்தைப் பார்த்து மட்டும் இதுவரை சொல்லவில்லை.

"சொல்லணும்க்கா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னீங்க. என் காதுல விழுந்தது."

அக்கா விரிப்பிலிருந்து கையை எடுத்தாள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதியை மீறி அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் சொன்னேன்," என்றாள். "உன் காதுல விழுந்தது."

பிறகு பத்தாவது படுக்கைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.