ஆடுதுறைக்கு முன்பே

அக்டோபர் 3, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். ஊருக்குப் போக லீவு கேட்கச் சொல்லியிருந்தாள் மனைவி கிரேஸ். கேட்பதற்குள் கும்பகோணத்திலிருந்து போன். காலைப் பாசஞ்சரில் கொலை. ஜீப்பில் போனேன்.

இறந்தவர் விசாலாட்சி அம்மாள் (இனி வி.அ.). ஐம்பத்தெட்டு வயது. சீர்காழிப் பக்கம் பெரிய மிராசு வீடு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. முதல் வகுப்பில் தனியாக, நகைப்பெட்டியோடு தஞ்சாவூருக்குப் பயணம். அடுத்த மாதம் கொழுந்தன் மகன் சந்தானத்துக்குக் கல்யாணம். பழைய நகைகளைப் பெண்ணுக்கேற்ப மாற்றிச் செய்ய. சந்தானமும் வேலைக்காரி பொன்னம்மாவும் அடுத்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில்.

மாயவரத்தில் பொன்னம்மா காப்பி கொடுத்திருக்கிறாள். அப்போது உயிர் இருந்தது. கும்பகோணத்தில் டம்ளர் வாங்கப் போனபோது இல்லை. கழுத்தில் சிவப்புத் துண்டு இறுக்கியபடி. பெட்டி இல்லை.

அவள் போட்ட கூச்சலில் பிளாட்பாரப் போலீஸ் ஓடிவர, அதே வண்டியிலிருந்து ஒருவன் மறுபக்கம் குதித்து ஓடியிருக்கிறான். பிடித்துவிட்டார்கள். காளியன். வி.அ. ஊர்தான். பண்ணையாள், சிவப்புத் துண்டு போடும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். போன அறுவடைத் தகராறில் வாரண்டு உள்ளவன்.

சந்தானம் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “என்னை வளத்தவங்க சார்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

டி.எஸ்.பி. மதியம் வந்தார். என்னைப் பார்த்து, “என்ன ஆசீர்வாதம், உங்க ஆளுங்கதானே? கை நடுங்காம விசாரிப்பீங்கள்ல?” என்றார். எல்லாருக்கும் கேட்கிறமாதிரி.

காளியனிடம் பெட்டி எங்கே என்றேன். தெரியாது என்றான். அறைந்தேன். இரண்டு தடவை. டி.எஸ்.பி. போய்விட்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

மழை விட்டது. வெக்கை. சாப்பிடப் பிடிக்கவில்லை. கிரேஸ் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

என் அப்பாவும் பொறையாறு பக்கம் பண்ணையாள்தான். மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நானும் சேற்றில்தான். இது டி.எஸ்.பி.க்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நான் அடித்ததும் அதனால்தான்.

சடலத்தை மறுபடி பார்த்தேன். கழுத்தில் ஒற்றை வடச் சங்கிலி. நல்ல கனம். துண்டு இறுக்கியதில் சதையில் பதிந்திருந்தது. பெட்டியைத் திருடியவன் இதை ஏன் விட்டான்?

துண்டையும் பார்த்தேன். புதுசு. கஞ்சி மொடமொடப்பு போகவில்லை, கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. காளியன் பிடிபட்டபோது அவன் தலையில் ஒரு துண்டு. வெளுத்துப்போய், ஓரமெல்லாம் கிழிந்து, வியர்வை நாற்றம்.

“ரெண்டு துண்டு வச்சிருந்திருப்பான் சார்” என்றார் ஏட்டு நடேசன்.

சொன்னவர் என் முகம் பார்த்துச் சொல்லவில்லை.

காளியன் சொல்வது: வாரண்டுக்குப் பயந்து ஆடுதுறையில் தங்கச்சி வீட்டில் இருந்தான். அங்கேதான் வண்டி ஏறினான். போலீசைப் பார்த்ததும் தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று ஓடினான். எதற்குப் பயணம் என்றால் வாய் திறக்கவில்லை.

மேலிடத்திலிருந்து இரண்டு போன். இரண்டிலும் ஒரே கேள்வி: சார்ஜ் ஷீட் எப்போது?

அக்டோபர் 5, சனி

குத்தாலம் போலீஸ் ஸ்டேஷனில் கூட்டம் என்று தகவல். போனேன். நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேர், முழங்கால்வரை சேறு. நடுவில் ஒரு பெட்டி. பித்தளைப் பூண் போட்டது.

குத்தாலம் தாண்டி இரண்டாவது மதகு. தண்டவாளத்தை ஒட்டிய வயலில் நாற்று ஊன்றும்போது ஒருத்தி காலில் இடித்திருக்கிறது. பேர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும்.

“தொறக்கலீங்க. பூட்டு அப்படியேதான் கெடக்கு, பாத்துக்குங்க” என்றாள்.

அவர்கள் முன்னாலேயே பூட்டை உடைத்தேன். அட்டிகை, ஒட்டியாணம், காசுமாலை, வளையல்கள். சந்தானம் எழுதிக் கொடுத்த ஜாபிதாவோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்று குறையவில்லை.

போகச் சொன்னேன். போகவில்லை. “எழுதிக் குடுங்க. நாளைக்கு நாங்க எடுத்தோம்னு ஆயிடும்” என்றாள் அஞ்சலை. பன்னிரண்டு பேர் பேரையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டேஷன் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ஈரக் கையைத் தலைமுடியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே ஆடுதுறை. டிக்கெட் கொடுப்பவருக்குக் காளியனை நினைவிருக்கிறது. “முண்டாசுக்குள்ள முகத்தை மறைச்சிக்கிட்டு நின்னான் சார். ‘எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொல்லுங்க, தஞ்சாவூர்னுதானே போட்டிருக்கு’ன்னு ரெண்டு தரம் கேட்டான்.”

பெட்டி வண்டியை விட்டு விழுந்தது ஆடுதுறைக்கு முன்பே. காளியன் ஏறியது ஆடுதுறையில்.

திரும்பும் வழியெல்லாம் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கிரேஸ் மட்டும் போனாள்.

அந்த வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே வழி கிடையாது. ஸ்டேஷனில் இறங்கித்தான் ஏறவேண்டும். தனியாக வரும் பெண் உள்தாழ் போட்டிருப்பார். யாருக்குத் திறப்பார்?

பொன்னம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“சின்னவரு குத்தாலத்துல எறங்குனாரு. வெத்தலை வாங்கப் போறேன்னாரு. ஆடுதுறையிலதான் திரும்பி வந்து உக்காந்தாரு. வாயில வெத்தலை இல்ல.”

“ஏன் இதை முதல்லயே சொல்லலை?”

“யாரும் கேக்கலீங்களே.”

பிறகு கூடையைக் கீழே வைத்தாள். தானாகவே சொன்னாள். பயணம் நகைக்காக மட்டும் இல்லை. தெற்குத் தெருவில் பண்ணையாட்கள் குடியிருக்கும் மனைகளை அவரவர் பேருக்கே எழுதிவைக்க வி.அ. முடிவு செய்திருந்தார். தஞ்சாவூரில் வக்கீல் பத்திரம் எழுதித் தயாராக வைத்திருந்தார். சாட்சிக்கு வரச்சொல்லி காளியனுக்கு ஆள் அனுப்பியது பொன்னம்மாதான்.

“அவன் வூடும் அதுலதாங்க இருக்கு. அவன் ஏன் அம்மாவக் கொல்லப்போறான்?”

காளியன் வாய் திறக்காதது இதற்குத்தான். சொன்னால் பத்திரம் நின்றுவிடும் என்று பயம். அம்மாள் இல்லாமல் ஏது பத்திரம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மாயவரத்தில் ஜவுளிக்கடைகள். நாலாவது கடையில் துண்டு மாட்டியது. கடைக்காரர் போட்டோவில் சந்தானத்தை அடையாளம் காட்டினார். “இவங்க வீட்ல சிவப்புத் துண்டு வாங்குறாங்களேன்னு ஆச்சரியமா இருந்துச்சு.”

சந்தானத்தை உட்காரவைத்தேன். நான் அவனைத் தொடவில்லை. துண்டு, பெட்டி, குத்தாலம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வக்கீலைக் கூப்பிடவேண்டும் என்றான். கூப்பிடுங்க, அதுக்கு முன்னால ஒன்று கேட்கிறேன், சங்கிலியை ஏன் எடுக்கலை என்றேன்.



“கை வரலை சார். சின்ன வயசுல அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்.”

அழுதான். பிறகு அழுகை நின்று வேறு குரலில்: “நகை எனக்காம், மண்ணு அவனுங்களுக்காம். இன்னிக்கு மனைன்னு கேப்பான், நாளைக்கு வயல்னு கேப்பான். பெரியம்மாகிட்ட எவ்வளவோ சொன்னேன். ‘அவங்க பொறந்து வளந்த எடம்டா’ன்னாங்க. நானும் அங்கதானே சார் பொறந்தேன்?”

பழியைச் சங்கத்தின்மேல் போடத்தான் சிவப்புத் துண்டு. திருட்டுமாதிரி இருக்கத்தான் பெட்டியை வீசினான்.

டி.எஸ்.பி. வாக்குமூலத்தை இரண்டு தரம் படித்தார். “மிராசு வீட்டுப் பையனையா...” என்றார். பிறகு, “கையெழுத்து நீங்களே போடுங்க” என்று என் பக்கம் தள்ளினார். போட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

காளியன் விடுதலை. பழைய வாரண்டில் ஜாமீன். நான் அப்போது தஞ்சாவூர் கோர்ட்டில். அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க வேண்டுமென்றேதான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தைப் பார்த்தேன். பதினேழு பேர். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக.

“செல்லுமா?”

“வெறும் காகிதம். இனி அந்தக் குடும்பத்துல யாராச்சும் மனசு வச்சாத்தான்” என்றார் வக்கீல்.

கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்ததையும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அக்டோபர் 14, திங்கள்

வானம் மூட்டம். யூனிஃபார்ம் போடாமல் சீர்காழி பஸ் ஏறினேன். வயல் முழுக்க நடவு முடிந்து பச்சை பிடித்திருக்கிறது.

தெற்குத் தெரு. காளியன் வாசலில் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உட்காருங்க என்றேன். நான் முதலில் உட்கார்ந்தபிறகுதான் உட்கார்ந்தான். அவன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்திரம் செல்லாது என்பதைச் சொன்னேன். அம்மாள் அன்று ரயிலடிக்குப் போகும்வழியில் பொன்னம்மாவிடம் இவர்களைப்பற்றிப் பேசிக்கொண்டே போனதைச் சொன்னேன். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். நான் செய்தது தப்பு, மன்னிச்சிடுங்க, காளியன் என்றேன். இந்த வேலையில் பதினாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கீற்றை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி மறுபக்கத்தைக் காட்டினார்.

“இந்தப் பக்கமா வந்து சொல்லுங்கய்யா. அந்தக் காது கேக்கல.”

எழுந்து போய் மறுபக்கம் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.