தேயிலை வாது கீறிய கை

இன்று காலை பக்கத்து வீட்டில் சோற்றுத் தட்டு சுவரில் மோதி விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் இடது கை தானாகவே தலையை மூடிக்கொண்டது. நீங்கள் போய் நாலு வருடமாகிவிட்டது, அந்தக் கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மேரியின் புருஷனுக்கு நெஞ்சில் ஆப்பரேசன் செய்து மூன்று வாரம். உங்களுக்கும் அதே ஆப்பரேசன் முடிந்து மூன்றாவது வாரத்தில்தான் ஆரம்பித்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் என்னை அதட்டிக்கூடப் பேசாத மனுசர், உப்பு குறைந்ததென்று குழம்புச் சட்டியை என் மேல் வீசினீர்கள். மறுநாள் கதவை உதைத்து உடைத்தீர்கள். பிறகொரு நாள் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைத் தவிர எதையும் வெட்டாத கத்தி என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு அழுதீர்கள்.

"நான் இப்பிடிப்பட்ட ஆளா புள்ள?" என்று கேட்டீர்கள். ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் துணியால் கட்டினேன்.

உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது நர்ஸ் என் கைக்கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள்.

"தேயிலை வாது கீறிருச்சு மிஸ்ஸி."

மலையில் கொழுந்து பறிக்கும் எல்லார் கையிலும் செடிக் குச்சி கீறிய தழும்பு உண்டு, யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"ஐயாவுக்குக் கோவம் ரொம்ப வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். லயத்து வரிசை வீடுகளில் மானம் போய்விடுமே என்று அதைவிடப் பயந்தேன். சொல்லிவிடு என்பதுபோல் நீங்கள் என்னையே பார்த்தீர்கள். தெரிந்தேதான் குனிந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. கருமாதி முடிந்து, மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் அந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பெரிய ஆப்பரேசனுக்குப் பொறகு செல பேருக்கு அப்பிடி வரும். மருந்து இருக்கு. அதனாலதானே கேட்டேன்," என்றாள்.

நீங்கள் உங்களைக் கெட்டவன் என்று நம்பியே செத்தீர்கள். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்று காலை அந்தத் தட்டுச் சத்தத்துக்குப் பிறகு மேரி நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். "கதவு நெலையில இடிச்சிக்கிட்டேன்க்கா," என்றாள்.

நான் சுவெட்டர் கையை மேலே தள்ளித் தழும்பைக் காட்டினேன்.

"இது வாது கீறுனது இல்ல மேரி. எங்க வீட்டுக்காரரு வெட்டுனது. நாளைக்கு கிளினிக்குக்கு நானும் வர்றேன். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். இது நோவு. ஒன் புருஷன் கெட்டவரு இல்ல."

கடைசி வார்த்தையை, உள்ளே சுருண்டு கிடந்த அவள் புருஷனுக்கும் கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன். நீங்கள் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.