அவரைப் பந்தலில் தொங்கும் பேய்ப்படங்கள்

ஹாலிஎல தாண்டி பஸ் வளைவில் திரும்பும்போது உங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே உள்ள அவரைப் பந்தல் கண்ணில் படும். நேற்று நல்ல வெயில். பந்தல் முழுக்க சிடிக்கள் நூலில் தொங்கி மினுமினுத்தன. கிளி வராமல் இருக்க இப்படிக் கட்டி விடுவது நம் தோட்டங்களில் புதிதில்லை. ஆனால் அவை உன்னுடையவை. விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து நீ வைத்திருந்த பேய்ப்படங்கள். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாங்க, தலை சுத்துதா?" என்று கேட்டாள். தலை சுற்றவில்லை. கோபம். நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது, இன்னும் ஆறவில்லை.

உன் அண்ணனிடம் இதைக் கேட்காமல் நான் விட்டேன் என்று நினைக்காதே. உன்னை அடக்கம் செய்த பிறகு, உன் தகரப் பெட்டியைத் திறந்து, படம் போட்ட அட்டைப் பெட்டிகளை எல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். பிசாசு பிடித்த சாமான் வீட்டில் இருக்கக் கூடாதாம். சிடித் தட்டுகள் எரியாமல் நாற்றம் அடித்ததால் அவற்றைத் தனியாக எடுத்துக் கழுவிப் பந்தலில் கட்டினார். அதைப் பார்த்த அன்றே கேட்டேன்.

"அண்ணே, பேய் இருக்குன்னு பெட்டிய எரிச்சீங்க. உள்ள இருந்தத மட்டும் தோட்டத்துல தொங்க விட்டிருக்கீங்களே?"

"கிளி வராதுல்ல" என்றார்.

"அப்ப அவரைக்காய்க்குப் பேய் பிடிக்காதா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீ எப்படி அவற்றைச் சேர்த்தாய் என்று அவருக்குத் தெரியுமா? அப்புத்தளை விடுதியில் நீ சமையலறையிலும் நான் அறை துப்புரவிலும் இருந்த காலம். நீண்ட நாள் தங்கிப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண், உன் பருப்புக் கறிக்கு மயங்கி, போகும்போது கனமான ஒரு சிடிப் பெட்டியை உன் கையில் கொடுத்தாள். மேலட்டையில் கலங்கரை விளக்கம், அதன் உச்சி ஜன்னலில் முகம் இல்லாத ஓர் உருவம். நான் பயந்து, "குப்பையில போடுடீ" என்றேன். நீ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரே கதை, அடுத்தடுத்த பாகங்கள், வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன, ஓர் இடம் மட்டும் காலி.

விடுதியில் இருந்த பிளேயர் முதலில் அதை ஏற்கவில்லை. வேறு நாட்டுத் தட்டாம். பதுளையில் ரேடியோ திருத்துகிறவரிடம் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனாய். அவர் ரிமோட்டில் எதையோ அமுக்கி, "இனி எந்த நாட்டுப் பேயும் இதுல வரும், தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மழை மாதங்களில் விடுதியில் ஆள் இருக்காது. மத்தியானம் வேலை முடிந்தால் ஹாலில் படம் பார்க்க விடுதியை நடத்தும் மேடம் விட்டுவிடுவார். வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நிற்கும். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பேன். "ஒனக்கு இங்கிலீஷ் எங்க விளங்குது?" என்று ஒரு நாள் கேட்டேன். "கத்துறதுக்கு இங்கிலீஷ் எதுக்குடீ? அது எல்லாப் பாஷையிலயும் ஒண்ணுதான்" என்றாய்.

அந்த வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். விடுதிக்கு வருமுன் மொனராகலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாய். கை முறிந்து வீட்டுக்கு வந்தாய். அண்ணன் கட்டுப் பிரிப்பதற்குள் திரும்ப பஸ் ஏற்றி விட்டார். மறுபடி வந்தபோது ஜெபக்கூட்டத்து பாஸ்டர், "பொறுமையா இருந்தா கர்த்தர் ஒன் புருசன் மனச மாத்துவார்" என்றார். கடைசியில் யாரிடமும் கேட்காமல் அப்புத்தளைக்கு வந்து சமையலில் சேர்ந்தாய். உன் மணிக்கட்டு கோணலாகவே ஒட்டியிருந்தது. ரொட்டி தட்டும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

அதனால்தான் அந்தப் பெட்டியில் மூன்றாம் பாகத்தின் இடம் காலியாக இருந்தது உன்னைத் தூங்க விடவில்லை. முதல் பாகத்தில் தப்பித்தவள் அதில்தான் திரும்ப வருகிறாள் என்று உறைக்குள் இருந்த தாளில் படம் போட்டிருந்தது. "போன்ல தேடினா கெடைக்காதா?" என்றேன். "போன்ல இன்னைக்கு இருக்கும், நாளைக்கு தூக்கிருவான். கையில வேணும்" என்றாய். பதுளையில் சிடி கடைகள் ஒவ்வொன்றாக போன் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. மாறாமல் இருந்த ஒன்றிரண்டில் கள்ளப் பிரதிதான் இருந்தது. அட்டை கலங்கிய போட்டோக் கொப்பி. நீ தொடக்கூட மாட்டாய். தேடிப் போன இடங்களில் வேறு தொடர்கள் கிடைத்தன; சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினாய். அப்படித்தான் அந்தத் தகரப் பெட்டி நிறைந்தது. விடுதி வேன் டிரைவர் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் கேட்டு வரச் சொல்வாய். "பொம்பளைங்க சேலை கேப்பாங்க, நீ பேய் கேக்குறியே" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் அவர்தான் கொண்டு வந்தார்.

அன்று பார்த்தோமே, உனக்கு நினைவிருக்கும். தப்பித்தவளுக்கு வயது போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பெரிய சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பேய் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நீ அங்கேயே நிறுத்தினாய்.

"உயிரோட இருக்கா, பாத்தியா? வேலை செஞ்சு சாப்புடுறா."

"அதுக்கு ஏன்டீ அழுவுற?"

"தப்பிச்சவள அதோட விட்டுருவாங்கடீ. பெறகு அவ என்ன ஆனான்னு யாருமே கேக்க மாட்டாங்க. இந்தப் படம் எடுத்தவங்க கேட்டிருக்காங்க."

நான் அதற்குப் பிறகு உன் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை.

வயிற்றில் கட்டி என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்திருந்தது. தகரப் பெட்டியோடு வீட்டுக்கே திரும்பினாய். நோயைக் கூட மன்னிப்பேன். உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அசுத்தமான காரியங்களை வீட்டுக்குள் கொண்டு வந்தவர்களின் முடிவு இதுதான் என்று அந்த பாஸ்டர் பேசினாரே, அதை மன்னிக்க மாட்டேன். கூட்டம் தலையை ஆட்டியது. உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதோடு கேட்டார்:

"புள்ள, நெசமா சொல்லு. எம்மக நரகத்துக்கா போயிருக்கும்?"

பெற்ற வயிறு இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும்படி செய்துவிட்டு, அவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் பந்தி போட்டுச் சாப்பிட்டார்கள்.

கலங்கரை விளக்கப் பெட்டி மட்டும் விடுதி டீவிக்குக் கீழே இருந்ததால் நெருப்புக்குத் தப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அம்மாவை அங்கே அழைத்து வந்தேன். வாசலில் தயங்கினார். என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் படத்தைப் போடவில்லை. நீ எல்லாவற்றையும் விட அதிகமாகப் போட்டுப் பார்க்கும் கடைசித் தட்டைப் போட்டேன். படம் எடுத்த விதத்தைக் காட்டும் தட்டு. முகமில்லாத பேய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெண்கள் அதன் ரப்பர் தோலைப் பிய்த்து எடுக்கிறார்கள். உள்ளே இருந்து வழுக்கைத் தலையோடு ஒரு கிழவர் வருகிறார். வியர்வையில் குளித்திருக்கிறார். யாரோ ஒரு கோப்பையை நீட்ட, ஊதி ஊதிக் குடிக்கிறார்.

அம்மா திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்தாளு தானா?" என்றார்.

"இவருதாம்மா."

"பாவம். அதுக்குள்ள என்னமா வெந்திருப்பாரு." சட்டென்று சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. "இதப் பாத்தா எம்மக கெட்டுப்போனா?"

அப்போதுதான் அந்த மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சமையல்காரியைப் பற்றி, நீ நிறுத்திவிட்டு அழுததைப் பற்றி. அம்மா தன் இடது மணிக்கட்டை வலது கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

உன் பெயரில் வீட்டில் நினைவு ஜெபம் வைத்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. அம்மா சொல்லி அனுப்பியதால் போனேன். பாஸ்டர் அதே பேச்சை எடுத்தார். பிசாசின் காரியங்கள், அதன் கூலி. நான் எழுந்து கத்திவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. எம்மக பேய இங்க கொண்டு வரல. பேய் இருந்த வீட்டுலருந்து தப்பிச்சு வந்துச்சு. கைய ஒடச்சுக்கிட்டு வந்துச்சு. அப்ப இந்த வீட்டுல யாரும் பேய ஓட்டலையே? திரும்பப் போன்னுதான சொன்னோம்?"

"அம்மா, ஒக்காருங்க" என்றார் உன் அண்ணன்.

"ஒக்காந்து ஒக்காந்துதான்டா அவள அனுப்பி வச்சேன். இனி ஒக்கார மாட்டேன்."

உட்காரவும் இல்லை. பாஸ்டர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார், எதையோ தேடினார், கடைசியில் ஒரு சங்கீதத்தை மட்டும் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்துக்கொண்டார். அம்மா அது முடியும் வரை நின்றுகொண்டே இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் நட்டமில்லை. மேடம் மட்டும், "செத்தவளுக்காக எத்தனை நாள் கோபப்படுவ?" என்று கேட்கிறார். தெரியவில்லை. உன்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் சொல்ல எனக்கு மூன்று விசயங்கள் இருக்கின்றன. நீ நன்றாகச் சமைப்பாய். பேய்ப்படங்கள் சேர்ப்பாய். அடித்த புருசனை விட்டு வந்தாய். ஊரில் எல்லாரும் கடைசியைச் சொல்லும்போது மட்டும் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் தாழ்த்துவதில்லை.