டி டிரைவில் இருந்தவை

நன்னிலம்
16.11.2024, சனி, காலை 11.40

ஷோபனா,

நேற்று வரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் உன் கோப்புகள் 86 ஜிபி இருந்தன. இந்த நிமிடம் பூஜ்யம். வைரஸ் இல்லை, கரண்ட் போகவில்லை. நான்தான் அழித்தேன்.

போனில் சொல்ல வழியில்லை. என் நம்பரைப் பிளாக் செய்திருக்கிறாய். அடுத்தவர் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். அதனால் ஸ்பீட் போஸ்ட்.

விண்டோஸ் திறக்க ஏழு நிமிடம் ஆகிறது. எனக்குப் பொறுமை இல்லை, உனக்கே தெரியும். ஆலையில் என்னோடு மெஷின் பார்க்கும் தௌபீக் ஒரு பென்டிரைவ் கொடுத்தான்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க சார், பழைய சிஸ்டமும் பறக்கும். டேட்டாவ மட்டும் காப்பி எடுத்துக்குங்க."

"எல்லாம் டி-யிலதான்டா கெடக்கு. டி-க்கு என்ன ஆகப் போவுது?"

"எதுக்கும் ஒவ்வொரு பக்கமும் படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க சார்."

"எனக்குப் படிக்கத் தெரியும், நீ போ."

படிக்கவில்லை.

இங்கே சர்வீஸ் கடைக்காரர் எத்தனை முறை சி-யை அழித்து விண்டோஸ் போட்டிருப்பார்! டி அப்படியே இருக்கும். அதை வைத்துத்தான் கல்யாணமான புதிதில் உன்னிடம் சொன்னேன்: "எதையும் டெஸ்க்டாப்ல போடாத, டி-யில போடு. வீடே இடிஞ்சாலும் டி நிக்கும்." நீயும் மறுபேச்சில்லாமல் உன் ஆராய்ச்சி முழுவதையும் அங்கேயே வைத்தாய்.

லினக்ஸுக்குச் சி, டி என்ற பாகுபாடு தெரியாது. மொத்த டிஸ்கையும் அழிக்கவா என்று கேட்டது. அழுத்தினேன். திரும்பப் பெற முடியாது, உறுதியா என்றது. அதற்கும் அழுத்தினேன். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கறுப்புத் திரையில் ஏதோ வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓர் இடத்தில் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்தேன். அது அப்படித்தானாம்.

அப்புறம் கோப்புறைகளைத் திறந்தேன். எல்லாம் காலி. டி எங்கே என்று தேடினேன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் நெல் வயலில் இறங்கி, குத்துக் குத்தாக இலைச்சுருட்டுப் புழுவை எண்ணி நீ எழுதியது. டிசம்பரில் தீசிஸ் கொடுக்க வேண்டும். "புழு எண்ணுறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா" என்று உன் அம்மா முன்னாலேயே கேட்டவன் நான். வேண்டுமென்றே செய்தேன் என்று நீ நினைத்தால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

திட்டு. ஆனால் எழுது.

இளஞ்செழியன்


நாகப்பட்டினம்
20.11.2024

அன்புள்ள உங்களுக்கு, ஷோபனா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. "மாப்பிள்ளை கடுதாசியெல்லாம் போடுவாரா?" என்று அம்மா உறையை மூன்று முறை திருப்பிப் பார்த்தார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இருக்குமா என்று நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை. எனக்குச் சளி. இங்கே மழை விட்டபாடில்லை, படகெல்லாம் கரையிலேயே கிடக்கிறது.

பயப்படாதீர்கள். தீசிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, நீங்கள் ஆலைக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொண்டேன். ஒரு புழுகூடக் குறையவில்லை.

கல்யாணப் போட்டோக்களை மட்டும் எடுக்கவில்லை. உங்களுக்கு இருக்கட்டும் என்று விட்டேன். அதுவும் போயிருக்கும், இல்லையா?

ஆலையில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கே மெயினை அணைத்துவிட்டு, பேனல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மனுஷன் நீங்கள். வீட்டில் மட்டும் எதையும் படிப்பதில்லை, கேட்பதில்லை. சரி, சரி என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

கொல்லைக் கதவு மழைக்கு உப்பியிருக்கும். உதைக்காதீர்கள், லேசாகத் தூக்கித் திறந்தால் வரும்.

ஷோபனா


நன்னிலம்
23.11.2024, சனி, காலை 6.15

ஷோபனா,

சளி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படித்ததும் தௌபீக்கிடம் ஓடினேன். "தப்பிச்சேன்டா, அவ காப்பி வச்சிருக்கா." "மேடம் கில்லாடி சார், உங்கள நம்பல பாத்தீங்களா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சாயந்திரம் பஸ்ஸில் வரும்போதுதான் தேதி உறைத்தது.

நாம் சண்டை போட்டது 27, ஞாயிறு. தீபாவளிக்கு யார் வீடு என்று. அன்றைக்கே நீ கிளம்பினாய். கோபம், ஆறினால் வந்துவிடுவாய் என்று நான்கு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ 25-ஆம் தேதியே எடுத்துவைத்துவிட்டாய். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை காரணமே இல்லை.

அதற்கு முந்தின நாள், 24, வியாழக்கிழமை என்ன நடந்தது? பாய்லர் வேலை முடிந்து வந்தேன். சாப்பிட்டேன். நீ ஏதோ சொன்னாய், நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன பதில் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. நீ வீட்டைவிட்டுப் போகிற அளவுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, கைகழுவிக்கொண்டு எழுந்திருக்கிறேன். இல்லை, அது ஒரு நாள் சமாச்சாரமே இல்லையோ?

தீசிஸ் போனதென்று பயந்தபோது ஒரு வழியாவது தெரிந்தது, டிஸ்கில் துருவினால் ஏதாவது மீளும் என்று. இதற்கு எங்கே துருவுவது? ஐந்து நாளாக நான் பயந்ததெல்லாம் தப்பான இடத்தில்.

போட்டோக்கள் போய்விட்டன. தௌபீக் டிஸ்கைக் கழற்றி அவன் கம்ப்யூட்டரில் மாட்டித் தேடினான். பதினொரு படம் வந்தது. பத்துப் படங்களுக்குக் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். முழுதாக வந்தது ஒன்றுதான். அதில் நீ என் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாய். நான் போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. டிசம்பர் 1, ஞாயிறு, காலை எட்டு மணி பஸ்ஸில் நாகப்பட்டினம் வருவேன்.
2. வீட்டுக்குள் வர மாட்டேன். உங்கள் தெருமுனை டீக்கடையில் நிற்பேன்.
3. நீ வந்தால், அந்த வியாழக்கிழமை என்ன சொன்னேன் என்று கேட்பேன். அதற்கு முன்னால் சொன்னவற்றையும்.
4. நீ சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன்.
5. நீ வரவில்லை என்றால் ஒரு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.
6. அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை.

இளஞ்செழியன்