அம்மாவின் மோதிரம் முடிந்துவிட்டது

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. என் உடம்பு இதுவரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். அடுத்த தெரு அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் இன்னும் ஓயவில்லை. போனில் கூப்பிட்டால் ரெண்டு வார்த்தையில் "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாதல்லவா.

கல் விழுந்துவிட்டது என்று நீ விட்டுப்போன அம்மாவின் மோதிரத்தைக் கடையில் கொடுக்கச் சொன்னாய், நான் கொடுக்கவில்லை. கடைத்தெரு மாடியில் நகை செய்யக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன், அம்மாவும் போய் நீயும் போன பிறகு சாயங்காலங்களில் இந்த வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை, அதுதான் நிஜம். லாரி ஓட்டிய கைக்கு எறும்பு அளவில் வேலை! கல்லைப் பிடித்துக்கொள்ளும் நாலு கம்பிகளை அங்கே நகம் என்கிறார்கள், அவற்றை மோதிரத்தில் பற்றவைத்து, உள்பக்கம் அரத்தால் சின்னப் பள்ளம் எடுத்து, கல்லை உட்காரவைத்து மேலே மடக்க வேண்டும். லாரிச் சக்கரத்து நட்டை எதிரெதிராக முடுக்கியே பழகியவன் இங்கே வரிசையாக மடக்கித் தொலைத்தேன், கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. டீச்சருக்கு உன் வயசுதான், "ஒரு பக்கமா அழுத்தினா கல்லு நகர்ந்து போகத்தானே செய்யும் ஐயா" என்று சிரித்தாள்.

மோதிரம் போன மாதமே முடிந்துவிட்டது. துணியில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட நகத்தில் மாட்டவில்லை. அன்றைக்கு அதை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. மறுநாள் நகங்களை நிமிர்த்திக் கல்லைக் கழற்றி, சரியாக வரவில்லை என்று டீச்சரிடம் பொய் சொல்லி மறுபடி வேலையில் உட்கார்ந்தேன், அதற்கப்புறமும் அப்படியே செய்தேன். நீயும் போனில் "மோதிரம் ஆச்சாப்பா?" என்கிறாய், இன்னும் இல்லை என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறாய்.

நேற்று டீச்சர் மோதிரத்தை வாங்கிப் பார்த்தாள். "மடக்கி மடக்கி நிமிர்த்தினா கம்பி விறைச்சுப்போயிடும் ஐயா, இன்னொரு தடவை எடுத்தா ஒடிஞ்சிடும்" என்றாள். கடைசியாக மடக்கிவிட்டேன். இனித் தொட மாட்டேன், தபாலிலும் அனுப்ப மாட்டேன், நீ வந்து போட்டுப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. ஒன்று மட்டும் மறக்காதே, இனி போனில் மோதிரம் ஆச்சா என்று கேட்க முடியாது, வேறு ஏதாவது கேள்.

உன் அப்பா