இல்லாத தங்கச்சியின் படிப்புச் செலவு

ஜூன் 5

சம்பளம் பதினெட்டாயிரம். அறை வாடகையில் என் பங்கு நாலரை. சீட்டு ஐந்து. கிரெடிட் கார்டுக் கடனில் மீதிக்கு இரண்டரை. சாப்பாடு நாலு. பஸ் தொள்ளாயிரம். மிச்சம் ஆயிரத்து நூறு. அதை வைத்துக்கொண்டு மாதம் முழுக்க மகாராணி மாதிரி வாழலாம், பல் வலி மட்டும் வராமல் இருந்தால்.

சீட்டுப் பணத்தை உறையில் போட்டுச் சீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினைப் பார்த்துக்கொள்பவர். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐயாயிரம். ஐந்தாம் தேதியானால் டப்பாவைக் குலுக்கி ஒரு பெயரை எடுப்பார். வந்தவருக்கு அறுபதாயிரம். இன்று கறை எடுக்கும் அண்ணனுக்கு விழுந்தது. எல்லோரும் கை தட்டினோம். எதிர் அக்காவும் தட்டினார்.

எனக்குப் பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. வாங்கி வாயில் போட்டாயிற்று. இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6

எதிர் அக்கா என்பது நான் வைத்த பெயர். ஹோட்டல் படுக்கை விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. அந்த முனையை அவர் பிடிப்பார், இந்த முனையை நான். உதறி, பாதியாக்கி, நடந்து போய் என் கையில் இருக்கும் முனைகளை அவர் கையில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை அவர் முகம் என் முகத்துக்குக் கிட்டே வந்துவிட்டுப் போகிறது.

இன்று கேட்டார்: "தங்கச்சிக்குப் பரீட்சை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா."

"நல்லா எழுதினாளாமா?"

"எழுதியிருக்காளாம்."

எனக்குத் தங்கச்சி கிடையாது. ஒரே ஒரு அண்ணன்தான். அவனும் பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன்.

ஜூன் 9

எழுதித் தொலைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

பிப்ரவரி ஐந்தாம் தேதி என் பெயர் வந்தது. வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் எதிர் அக்கா என் கையைப் பிடித்தார். அவர் வீட்டுக்காரர்தான் அப்போது எங்கள் வேன் டிரைவர். இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு, ஆபரேஷனுக்கு முன்பணம் ஐம்பதாயிரம். "உன் சீட்ட எனக்கு விட்டுக்குடும்மா. என் பேரு வரும்போது நீ எடுத்துக்க." எங்கள் சீட்டில் இப்படி மாற்றிக்கொள்வது சகஜம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஆனால் அந்த வாரம் கார்டுக்காரர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டு "மேடம், மேடம்" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடன் என்று சொல்ல வெட்கம். ஊதாரித்தனம் பண்ணி வந்த கடன். வாய் தானாகவே சொன்னது: "தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் அக்கா. நாளைக்குக் கடைசி நாள்."

உடனே கையை விட்டுவிட்டார். "படிப்பு முக்கியம்மா. நான் வேற பாத்துக்கறேன்."

வேறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருபத்திரண்டாம் நாள், அவர் வீட்டுக்காரர் போய்விட்டார்.

பணம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எந்த டாக்டரிடமாவது கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 27

நாலு மணிக்கு வேன் வந்தது. புது டிரைவரும் ஹாரனை இரண்டு தடவைதான் அடிக்கிறார். நான் விரிப்பைக் கீழே விட்டுவிட்டேன். அக்கா விடவில்லை.

ஜூலை 12

அறைத்தோழிக்கு மட்டும் தெரியும். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெளியூருக்கு அனுப்பிடேன். இல்லன்னா படிப்ப நிறுத்திடு" என்றாள்.

"நிறுத்தினா அக்கா நேர்ல வந்து அவளுக்குப் புத்தி சொல்லுவாங்க."

"யாருக்குடி?" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின் அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரிகிறது. குள்ளம். இடது பக்கம் வகிடு. அதிகம் பேச மாட்டாள். இன்று காலை பஸ்ஸில் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி ஒருத்தி ஏறினாள். 'நம்ம பொண்ணு இன்னைக்கு லேட்டு' என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது. நான் என்ன, லூசாகிக்கொண்டிருக்கிறேனா?

ஆகஸ்ட் 5

இன்றும் அக்காவின் பெயர் வரவில்லை. அது வரட்டும் என்று நான் சாமியை வேண்டாத குறைதான்.

மாலையில் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகில் மாட்டுகிற பெரிய பை. "வேன்ல அவரு வெச்சிருந்தது. துவைச்சு வெச்சேன். புஸ்தகம் நெறய பிடிக்கும், தங்கச்சிக்குக் குடு."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"அவருகிட்டயும் அன்னைக்குச் சொன்னேன், சீட்டு ஒரு பொண்ணு படிப்புக்குப் போகுதுன்னு. 'சரி விடு, நல்லதுக்குத்தானே போகுது'ன்னாரு. அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

ஆக, அவருக்கும் தெரியும். போகிற மனுஷன் என் பொய்யை நம்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பொய்யைத் தலைக்கு வைத்துக்கொண்டு இவர் தூங்குகிறார். இதை எப்படி உருவி எடுப்பது? எடுக்காமல் எப்படி இருப்பது?

பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் பெருக்குவதில்லை.

செப்டம்பர் 5

ரிசல்ட் கேட்டார். எண்பத்தொன்று சதவீதம் என்றேன். என் வாயில் எண்பத்தொன்று எங்கிருந்து வந்தது? நான் ஜென்மத்தில் அறுபதைத் தாண்டியதில்லை.

அக்டோபர் 20

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் எடுத்தேன். வெளியே டீ குடிப்பதை நிறுத்தினால் மாதம் முந்நூறு. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தால் இருநூறு. கடனடைப்பதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று அறைத்தோழி மெச்சுகிறாள். புத்தி வந்ததால் இல்லை. அந்தக் கார்டின் பெயரில் இனி ஒரு தகவலும் வரக்கூடாது, அவ்வளவுதான். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பத்துக்கும் யாரோ பின்னால் நின்று 'அப்போது எங்கே போனது இந்தச் சாமர்த்தியம்?' என்று கேட்கிறார்கள். ஆண் குரல்தான். யார் குரல் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 5

டப்பாவில் இரண்டே சீட்டு. பாய்லர் பார்க்கும் அண்ணன் அல்லது எதிர் அக்கா. பாய்லர் அண்ணன் வந்தார். "கடைசிச் சீட்டு உனக்குத்தான், இனி குலுக்கவே வேணாம்" என்று சீட்டுக்காரம்மா அக்காவின் தோளில் தட்டினார்.

நவம்பர் 18

கார்டுக் கடன் முடிந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் நிலுவை 0.00.' பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தகவல்: தங்கள் கடன் வரம்பை இரட்டிப்பாக்க விரும்புகிறோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

ஒரு கேக் துண்டு வாங்கினேன், கொண்டாட. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

டிசம்பர் 5

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

அக்காவுக்கு அறுபதாயிரம் வந்தது. உடை மாற்றும் அறையில் என்னை ஓரமாக அழைத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, எண்ணி, பதினைந்தாயிரத்தை நீட்டினார். "தங்கச்சியோட அடுத்த ஃபீஸுக்கு. கடன் இல்ல. நானும் அவருமா குடுக்கறோம்னு வெச்சுக்க."

நானும் அவருமா.

"அக்கா, எனக்குத் தங்கச்சி இல்ல."

அவருக்குப் புரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எப்போம்மா? பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அந்த ஒரு நொடி வழி திறந்தது. சாகடித்துவிடலாம். காய்ச்சல், விபத்து, ஏதோ ஒன்று. அக்கா அழுவார், நானும் அழுவேன், எல்லாம் முடிந்துவிடும். அவர் தூக்கமும் கெடாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இருந்ததே இல்லக்கா. கார்டுக் கடன் கட்டத்தான் எடுத்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அவர் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். நோட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். ரப்பர் பேண்டைப் போட்டார்.

"நல்லதுக்குப் போகுதுன்னு சொல்லித்தானே நான் அவர அனுப்பினேன்" என்றார். அப்புறம் கதவருகில் நின்று, என்னைப் பார்க்காமல்: "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

டிசம்பர் 6

அக்கா துண்டு மேசைக்குப் போய்விட்டார். துண்டைத் தனியாகவே மடிக்கலாம். எனக்கு எதிரில் புதிதாக ஒருத்தி. நல்ல பெண்தான். எங்கள் முனைகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

டிசம்பர் 11

பையை அக்காவின் அலமாரிக் கதவில் மாட்டினேன். மாலையில் பார்த்தபோது இல்லை.

டிசம்பர் 14

பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. ஏறினார்கள், ஆனால் அவள் இல்லை. குள்ளமாக, வகிடு எடுத்து, யாரும் இல்லை. பிறக்காத ஒருத்திக்காக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அக்காவுக்கும் இன்று அப்படி இருந்திருக்குமா? பத்து மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே வளர்த்தோம்?

டிசம்பர் 31

சேமிப்பு: ஏழாயிரத்து நானூறு. முதல் முதலாகக் கணக்கில் கூட்டல் குறி. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

ஜனவரி 9

காலையில் புதுப் பெண் வரவில்லை. நான் விரிப்பைத் தூக்கிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அந்த முனையை யாரோ பிடித்து இழுத்தார்கள். எதிர் அக்கா.

உதறினோம், பாதியாக்கினோம், நடந்தோம். நாற்பது ஐம்பது விரிப்பு அப்படியே போனது. நான் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்டார்: "அந்தக் கடன் எதுக்கு வாங்கின? ஒண்ணு விடாம சொல்லு."

சொல்லத்தான் வேண்டும். விரிப்புக்கு ஒன்றாகச் சொன்னேன். போன். "எவ்வளவு?" இருபத்தெட்டாயிரம். அறைத்தோழி பிறந்தநாளுக்கு ஆறு பேருக்கு விருந்து. "எவ்வளவு?" தலைமுடியை நேராக்கியது. ஏழாயிரம் என்றதும் என் தலையை நிமிர்ந்து பார்த்தார். முடி பழையபடி சுருண்டு பல மாதம் ஆகிறது. எதற்கும் அவர் முகம் மாறவில்லை. தொகையை மட்டும் ஒவ்வொரு தடவையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"கடலுக்குப் போனோம் அக்கா. மூணு நாள்."

"எங்க தங்கினீங்க?"

"ஹோட்டல்ல."

"இந்த மாதிரி விரிப்புப் போட்ட ஹோட்டலா?"

"ஆமாக்கா."

முனைகளை என் கையிலிருந்து வாங்கினார். மடித்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் தடவிவிட்டார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. "ரெண்டு நாள் மழை அக்கா. ரூமை விட்டே வெளிய வரல. ஒரு நாள் நல்லா இருந்துச்சு."

அக்கா அடுத்த விரிப்பை உதறினார்.

"அந்த ஒரு நாள் என்ன பண்ணின? சொல்லு" என்றார்.